பரிமாற்ற ஆண்டில் குடிமைக் கல்விப் பயிலரங்கிற்கு விண்ணப்பிப்பது எப்படி: பாலக்காட்டு எல்லைத் தமிழ் மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, மீனாட்சிபுரம் எனத் தமிழகத்தை ஒட்டிக் கிடக்கும் பாலக்காட்டின் கிழக்குப் பகுதியிலிருந்து உயர்நிலைப் பள்ளிப் பரிமாற்றத் திட்டத்தின் வழியாக ஓராண்டு அமெரிக்காவில் படிக்கச் செல்லும் தமிழ் மாணவர்களுக்காகவும், அவர்களை அனுப்பிவைக்கும் பெற்றோருக்காகவும் இதை எழுதுகிறேன். அந்த ஆண்டின் நடுவில் வாஷிங்டன் நகரில் குடிமைக் கல்விப் பயிலரங்கு ஒன்று நடப்பதும், அதற்குக் கட்டுரை எழுதி விண்ணப்பிக்க வேண்டும் என்பதும் நம் மாணவர்களில் பலருக்கு அங்கே போய்ச் சேர்ந்து சில மாதங்கள் கழிந்த பின்னரே தெரிய வருகின்றன. கடைசித் தேதிக்குள் அவசரமாக எழுதப்படும் கட்டுரையில் ஊரும் இருப்பதில்லை, அமெரிக்காவும் இருப்பதில்லை. பொதுவான நல்ல வார்த்தைகள்தாம் மிஞ்சுகின்றன. ஆகவே புறப்படும் முன்பே செய்யத் தொடங்க வேண்டியவற்றிலிருந்து வரிசையாகச் சொல்கிறேன்.

யாருக்கு உரிய வாய்ப்பு இது

இந்தப் பயிலரங்குக்கு வழி திறக்கும் கென்னடி–லூகர் யெஸ் திட்டம், 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, அமெரிக்கச் செனட்டர்கள் எட்வர்ட் கென்னடி, ரிச்சர்ட் லூகர் ஆகியோரின் முயற்சியால் 2002இல் உருவானது. முஸ்லிம் மக்கள் கணிசமாக வாழும் நாடுகளைச் சேர்ந்த பள்ளி மாணவர்கள் ஓர் அமெரிக்கக் குடும்பத்தோடு தங்கி, அங்குள்ள உயர்நிலைப் பள்ளியில் ஒரு கல்வியாண்டு படிப்பதற்கான முழு உதவித்தொகையை அமெரிக்க வெளியுறவுத் துறை இதன் மூலம் வழங்குகிறது. இந்தியாவும் இந்தப் பட்டியலில் உண்டு. இங்கே மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும் பணியை ஏஎஃப்எஸ் இந்தியா என்ற மாணவர் பரிமாற்ற அமைப்பு செய்கிறது. எந்தச் சமயத்தைச் சேர்ந்தவரும் விண்ணப்பிக்கலாம். பாலக்காட்டில் வீட்டில் தமிழ் பேசும் இராவுத்தர் குடும்பங்கள் ஏராளமாக இருப்பதால், அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் இந்த வாய்ப்பைத் தவறாமல் விசாரித்து அறிய வேண்டும் என்பது என் விருப்பம்.

பயிலரங்கு தனியான இன்னொரு வெளிநாட்டுப் பயணம் என்று சில பெற்றோர் எண்ணுகிறார்கள். உதவித்தொகை பெற்று ஏற்கனவே அமெரிக்காவில் படித்துக்கொண்டிருக்கும் பரிமாற்ற மாணவர்களுக்குள்ளேயே போட்டி வைத்து, பெரும்பாலும் அவர்கள் எழுதும் கட்டுரைகளைக் கொண்டு ஒரு பகுதியினரைத் தேர்ந்தெடுத்து, ஏறத்தாழ ஒரு வாரம் வாஷிங்டனில் தங்கவைத்து, நாடாளுமன்றம் முதலான அமைப்புகள் எப்படி இயங்குகின்றன என்பதை நேரில் காட்டும் நிகழ்ச்சி அது. ஆகவே இங்கிருந்தபடி அதற்கு விண்ணப்பிக்க இயலாது. சொந்தச் செலவில் கட்டணம் கட்டிப் பரிமாற்றத் திட்டத்தில் செல்பவர்களுக்கும் இது பொருந்தாது. அவர்கள் மனம் தளர வேண்டியதில்லை; அமெரிக்கப் பள்ளி மாணவர்களை வாஷிங்டனுக்கு அழைத்துச் சென்று அரசியலமைப்பைக் கற்பிக்கும் குளோஸ் அப் என்ற அமைப்பு 1971 முதல் இயங்கி வருகிறது, தாம் படிக்கும் பள்ளி அதில் பங்கேற்கிறதா என்று சமூக அறிவியல் ஆசிரியரிடம் கேட்டறியலாம். அரசு நிதியில் நடக்கும் நிகழ்ச்சிகளின் காலமும் அளவும் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை என்பதால், நீங்கள் செல்லும் ஆண்டில் பயிலரங்கு உண்டா என்பதைப் புறப்படும் முன் நடக்கும் அறிமுக முகாமிலேயே கேட்டுவிடுங்கள்.

புறப்படும் முன்: ஒரு கிராம சபைக் கூட்டமாவது

என்னைக் கேட்டால், விண்ணப்பத்தின் முதல் படி உங்கள் வார்டின் கிராம சபைக் கூட்டத்தில்தான் தொடங்குகிறது. குடிமைக் கல்வி என்பது ஒரு முடிவு யாரால், எங்கே, எந்த முறையில் எடுக்கப்படுகிறது, அதை ஏற்காதவர் என்ன செய்யலாம் என்பதை அறிவது. அப்படி ஒரு முடிவையாவது தொடக்கத்திலிருந்து இறுதிவரை பின்தொடர்ந்து பார்த்த மாணவருக்குக் கட்டுரையில் எழுதப் பொருள் இருக்கும். பாடநூலை மட்டும் படித்தவருக்கு இருக்காது.

இந்த வகையில் கேரளத்தில் வாழ்வது நமக்கு ஒரு நல்ல வாய்ப்பு. 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆம் அரசியலமைப்புத் திருத்தத்தைத் தொடர்ந்து இயற்றப்பட்ட 1994ஆம் ஆண்டு கேரளப் பஞ்சாயத்து ராஜ் சட்டத்தின்படி, இங்கே கிராம சபை ஊராட்சி முழுமைக்குமாகக் கூடாமல் ஒவ்வொரு வார்டுக்கும் தனியாகக் கூடுகிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும். வார்டு வாக்காளர்களில் பத்தில் ஒரு பங்கினர் வந்தால்தான் கூட்டம் செல்லும். 1996இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம் மாநிலத் திட்ட நிதியில் பெரும் பங்கை உள்ளாட்சிகளுக்குக் கொடுத்ததால், இந்தக் கூட்டங்களில் பேசப்படுவது வெறும் புகாராக நின்றுவிடாமல் பணம் ஒதுக்கும் முடிவாகவும் மாறுகிறது. பதினெட்டு வயது நிரம்பாத உங்களுக்கு அங்கே வாக்கில்லை. ஆனால் அம்மாவோடும் பாட்டியோடும் போய் ஓரமாக உட்கார்ந்து கவனிப்பதை யாரும் தடுக்கமாட்டார்கள். கேரளப் பெண்கள் கூட்டமைப்பான குடும்பஸ்ரீ பிள்ளைகளுக்காக நடத்தும் பாலசபையில் இருந்தவர்களும், பள்ளியில் மாணவர் காவல் படையிலோ நாட்டு நலப்பணித் திட்டத்திலோ இருந்தவர்களும் அந்த அனுபவத்தை இதோடு சேர்த்துக்கொள்ளலாம்.

கூட்டத்தில் ஒரே ஒரு கோரிக்கையைத் தேர்ந்துகொண்டு குறிப்பெடுங்கள். யார் எழுந்து கேட்டார், வார்டு மெம்பர் என்ன பதில் சொன்னார், பயனாளிப் பட்டியலில் பெயர் எந்த அடிப்படையில் முன்னுக்கு வந்தது, அடுத்த கூட்டத்தில் அந்தக் கோரிக்கை என்ன ஆனது என்று எழுதிவையுங்கள். பேசியவர் தமிழில் பேசினாரா, அறிக்கை மலையாளத்தில் வாசிக்கப்பட்டதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அதன் பயனைப் பின்னால் சொல்கிறேன். தேதியோடு கூடிய அந்த நோட்டுப் புத்தகத்தை ஊறுகாய்ப் பாட்டிலுக்கு முன்னால் பெட்டியில் வையுங்கள்.

அங்கே சென்ற முதல் மாதங்கள்

ஆகஸ்ட், செப்டம்பரில் பள்ளி தொடங்கிய பிறகு, தங்கியிருக்கும் ஊரிலும் இதே வேலையைச் செய்ய வேண்டும். அதற்கு மிக எளிதில் கிடைக்கும் இடம் பள்ளி வாரியக் கூட்டம். அமெரிக்காவின் பெரும்பாலான பள்ளி மாவட்டங்களில் வாரிய உறுப்பினர்களை அந்த ஊர் மக்களே தேர்தலில் தேர்ந்தெடுக்கிறார்கள்; பள்ளிச் செலவின் பெரும் பங்கு அந்த ஊரின் சொத்து வரியிலிருந்து வருகிறது. ஆதலால் ஒரு பேருந்து வழித்தடத்தை நிறுத்துவதா, மதிய உணவுக் கட்டணத்தைக் கூட்டுவதா என்ற கேள்விக்குக்கூட வரி கட்டுபவர்கள் வந்து பேசுகிறார்கள். கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல் முன்கூட்டியே வெளியிடப்படும், பார்வையாளராக யாரும் போகலாம், பொதுமக்கள் பேசுவதற்கு ஆளுக்குச் சில நிமிடம் ஒதுக்குவது வழக்கம். நம் பக்கத்தில் அரசுத் தொடக்கப் பள்ளிகளும் நடுநிலைப் பள்ளிகளும் கிராமப் பஞ்சாயத்தின் பொறுப்பிலும், உயர்நிலைப் பள்ளிகள் மாவட்டப் பஞ்சாயத்தின் பொறுப்பிலும் இருக்க, ஆசிரியர் சம்பளம் மட்டும் மாநில அரசிடமிருந்து வருகிறது. இந்த வேறுபாடு ஒன்றையே நன்றாக விளங்கிக்கொண்டால் கட்டுரைக்கு வலுவான அடித்தளம் கிடைத்துவிடும்.

உங்களை ஏற்றுக்கொண்ட ஹோஸ்ட் குடும்பத்திடம், அவர்கள் வாக்களித்த கடைசி உள்ளூர்த் தேர்தல் எது, எதற்காக வாக்களித்தார்கள் என்று கேளுங்கள். எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். அது பலருக்குச் சங்கடம் தரும், உங்களுக்கும் தேவையில்லை. நவம்பரில் சர்வதேசக் கல்வி வாரம் வரும். அப்போது பரிமாற்ற மாணவர்கள் தம் நாட்டைப் பற்றிப் பள்ளிகளில் பேசுவது வழக்கம். எல்லோரும் உடை, உணவு, பண்டிகை என்று பேசுவார்கள். அவற்றோடு, உங்கள் வார்டின் கிராம சபை நடக்கும் விதத்தைப் பத்து நிமிடம் சொல்லிப் பாருங்கள். வகுப்பில் எழும் கேள்விகள், எது அவர்களுக்குப் புதிது, எது புரியவில்லை என்பதைக் காட்டிக்கொடுக்கும். கட்டுரையின் முதல் வாசகர்கள் அவர்கள்தாம் என்று கொள்ளுங்கள்.

அறிவிப்பு வந்த அன்று

பயிலரங்கு பொதுவாகக் கல்வியாண்டின் இரண்டாம் பாதியில் நடக்கும். அதற்குச் சில வாரங்கள் முன்பாக அறிவிப்பு மின்னஞ்சலில் வரும். அதை அன்றே முழுவதும் வாசித்து, கட்டுரைக் கேள்வி, சொல் வரம்பு, கடைசித் தேதி, தேவைப்படும் ஒப்புதல்கள், எந்தச் செலவைத் திட்டம் ஏற்கிறது என்ற ஐந்தையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கடைசி நேரம் எந்த மண்டல நேரத்தில் சொல்லப்பட்டிருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். கிழக்குக் கரை நேரப்படி இரவு 11:59 என்றால், கலிபோர்னியாவில் இருப்பவருக்கு அது இரவு 8:59தான்; மூன்று மணி நேரம் மிச்சமிருக்கிறது என்று எண்ணி ஏமாந்துவிடக் கூடாது.

அடுத்த இரண்டு நாட்களுக்குள் மூவரிடம் பேசிவிட வேண்டும். முதலாவது, உங்கள் பொறுப்பாளராக இருக்கும் உள்ளூர் ஒருங்கிணைப்பாளர். அவருக்குத் தெரியாமல் எந்த வெளியூர்ப் பயணமும் கூடாது. இரண்டாவது, ஹோஸ்ட் பெற்றோர். அந்த வாரம் அவர்கள் குடும்பத்தோடு வெளியே செல்லத் திட்டமிட்டிருக்கலாம், விமான நிலையத்துக்கு அவர்கள்தாம் உங்களைக் கொண்டுவிட வேண்டியிருக்கும். மூன்றாவது, பள்ளி ஆலோசகர். ஒரு வாரம் வகுப்புக்கு வராமலிருக்க அனுமதியும், விடுபடும் தேர்வுகளை எப்போது எழுதுவது என்ற ஏற்பாடும் அவர் வழியாகவே நடக்கும். மதிப்பெண் குறைந்திருக்கும் பாடம் இருந்தால் மறைக்காமல் சொல்லி, அதைச் சரிசெய்யும் திட்டத்தோடு போய் நில்லுங்கள். ஊரிலுள்ள அம்மா அப்பாவின் கையெழுத்து தேவைப்பட்டால் நேர வித்தியாசத்தை நினைவில் வையுங்கள்: குளிர்காலத்தில் நம் நேரம் கிழக்குக் கரையைவிடப் பத்தரை மணி நேரமும், மேற்குக் கரையைவிடப் பதின்மூன்றரை மணி நேரமும் முன்னால் ஓடுகிறது. வீட்டில் அச்செடுத்து ஸ்கேன் செய்து அனுப்பும் வசதி இல்லையென்றால் அரசின் இணையச் சேவை மையமான அட்சயாவுக்குப் போக வேண்டியிருக்கும், அது ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்காமல் போகலாம். இதையெல்லாம் கணக்கிட்டுக் குறைந்தது ஒரு வாரம் முன்பே படிவத்தை அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள்.

கட்டுரை

தேர்வு பெரும்பாலும் இதைப் பொறுத்தே அமைகிறது. ஆகவே இதில் சற்று நின்று பேசுகிறேன். கேள்வி ஆண்டுதோறும் மாறினாலும், சமுதாயத்தில் ஒரு மாற்றம் எப்படி நிகழ்கிறது, உங்கள் நாட்டிலும் அமெரிக்காவிலும் குடிமக்கள் அதில் எப்படிப் பங்கேற்கிறார்கள், இங்கே கற்றதைக் கொண்டு ஊரில் என்ன செய்வீர்கள் என்ற மூன்று வட்டத்துக்குள்தான் அது சுற்றும். நம் மாணவர்கள் எழுதும் வரைவுகளில் நான் காணும் முதன்மையான குறை, அவை ‘ஜனநாயகம் என்பது மக்களால் மக்களுக்காக’ என்று தொடங்கி, இந்தியா உலகின் மிகப் பெரிய ஜனநாயகம் என்று சொல்லி, இளைஞர்களின் கையில்தான் எதிர்காலம் என்று முடிவதுதான். எந்த மாநிலத்து, எந்த நாட்டு மாணவரும் எழுதக்கூடிய வரிகள் அவை. தேர்வாளர் நூற்றுக்கணக்கான கட்டுரைகளை வாசிக்கிறார். உங்களால் மட்டுமே எழுத முடிந்த ஒன்றைக் கண்டதும்தான் அவர் நின்று படிப்பார்.

சித்தூர் வட்டத்துப் பிள்ளைக்கு அப்படிப்பட்ட பொருளுக்குப் பஞ்சமே இல்லை. பெருமாட்டி பஞ்சாயத்திலுள்ள பிளாச்சிமடையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 2000இல் கோகோ கோலா ஆலை இயங்கத் தொடங்கியது. கிணற்று நீர் வற்றியும் கெட்டும் போனதாகக் கூறி ஆதிவாசி மக்கள் 2002 ஏப்ரலில் போராட்டத்தைத் தொடங்கினார்கள், மயிலம்மா அதன் முகமாக விளங்கினார். 2003இல் பஞ்சாயத்து ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. அந்த ஆண்டு டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, நிலத்தடி நீர் பொதுச் சொத்து என்ற அடிப்படையில் தீர்ப்பளித்தார். 2004 மார்ச்சில் ஆலை மூடப்பட்டது. 2005இல் இரு நீதிபதிகள் அமர்வு ஆலைக்குச் சாதகமாக மாறான தீர்ப்பைத் தந்தது. 2011இல் பாதிக்கப்பட்டோரின் இழப்பீட்டுக்காகத் தீர்ப்பாயம் அமைக்கும் மசோதாவைக் கேரளச் சட்டமன்றம் நிறைவேற்றியது, ஆனால் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் அதற்குக் கிடைக்கவில்லை. வார்டிலிருந்து பஞ்சாயத்து, உயர் நீதிமன்றம், சட்டமன்றம், குடியரசுத் தலைவர் என்று ஒரு குடிநீர்ப் பிரச்சினை ஏறிச் சென்ற ஒவ்வொரு படியும் கூட்டாட்சி என்றால் என்ன என்பதை எந்தப் பாடத்தையும்விடத் தெளிவாகக் காட்டுகிறது. இதை எழுதும்போது ஒரு தரப்பை வில்லனாக்கி முடித்துவிடாமல், எந்த அதிகாரம் யாரிடம் இருந்தது, அது எங்கே நின்றுபோனது என்று எழுதினால், உங்கள் குடிமை அறிவு தானாகப் புலப்படும்.

தண்ணீரே இன்னொரு வாசலையும் திறக்கிறது. பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தம் 1970இல் கையெழுத்தாகி 1958 முதல் செல்லும் என்று கொள்ளப்பட்டது. அதன்படி ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் மணக்கடவு அணைக்கட்டு வழியாகச் சித்தூர்ப்புழா பாசனத்துக்கு வர வேண்டும். கோடை வந்தால் இந்த எண் நம் ஊர் டீக்கடை வரை பேசப்படும். நீங்கள் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் தங்கியிருந்தால், ஏழு மாநிலங்கள் கொலராடோ ஆற்றைப் பங்கிட்டுக்கொள்ள 1922இல் செய்த ஒப்பந்தம் பற்றி அங்கேயும் இதே சூட்டோடு பேசுவதைக் கேட்பீர்கள். இரண்டையும் அருகருகே வைத்து எழுத உங்களைத் தவிர வேறு ஆள் அந்த வகுப்பறையில் இருக்கமாட்டார்.

மூன்றாவது, மொழி. முன்பு குறிக்கச் சொன்னது இதற்காகத்தான். 1956 நவம்பர் 1இல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது எல்லைக்கு இந்தப் பக்கம் நின்ற தமிழர்கள் நாம். அதே ஆண்டின் ஏழாம் அரசியலமைப்புத் திருத்தம் 350அ, 350ஆ என்ற இரு உறுப்புகளைச் சேர்த்து, மொழிச் சிறுபான்மையினரின் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வழிசெய்யவும், அவர்கள் நலனைக் கவனிக்கத் தனி அதிகாரியை நியமிக்கவும் வகை செய்தது. 1969ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் மாநில அரசுடன் தம் மொழியிலேயே கடிதப் போக்குவரத்து வைத்துக்கொள்ளவும், அதே மொழியில் பதில் பெறவும் உரிமை தருகிறது. ஏட்டில் இருக்கும் இந்த உரிமை உங்கள் வில்லேஜ் ஆபீஸில் எப்படி நடைமுறைப்படுகிறது என்று நீங்களே கண்டதை எழுதலாம். தமிழில் மனுக் கொடுத்த உங்கள் தாத்தாவின் அனுபவம், எந்தக் கோட்பாட்டு விளக்கத்தையும்விட, ஒரு சட்டத்தின் உயிர் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லும். தமிழ் வழிப் பள்ளியில் படித்ததை ஒரு குறையாக எண்ணி மறைக்கும் பழக்கம் நம் பிள்ளைகளிடம் உண்டு. இந்தக் கட்டுரையில் அதை முன்னால் கொண்டுவந்து நிறுத்துங்கள்.

தொடக்கம் எப்படி இருக்கலாம் என்பதற்கு ஒரு மாதிரி தருகிறேன். கற்பனையாக எழுதியது, வடிவத்தை மட்டும் பாருங்கள்: ‘எங்கள் வார்டில் பொதுக் கிணற்றுக்கு மூடி வேண்டும் என்று என் பாட்டி கிராம சபையில் தமிழில் கேட்டார். மெம்பர் அதை மலையாளத்தில் மினிட்ஸ் புத்தகத்தில் எழுதினார். மூன்று மாதம் கழித்து அந்தப் பக்கத்தைப் பாட்டிக்கு வாசித்துக் காட்டியவன் நான். அக்டோபரில் என் ஹோஸ்ட் அப்பாவுடன் பள்ளி வாரியக் கூட்டத்துக்குப் போனபோது, ஒரு தாய் பேருந்து வழித்தடம் பற்றிப் பேச அவருக்கு மூன்று நிமிடம் தரப்பட்டது. கடிகாரம் நின்றதும் அவர் பாதி வாக்கியத்தில் உட்கார்ந்தார்.’ இதில் இரண்டு நாடுகளும் இருக்கின்றன, இரண்டு அமைப்புகளின் நிறையும் குறையும் இருக்கின்றன, எழுதியவரும் இருக்கிறார். இதற்குப் பிறகு வரும் பத்தியில் ஒப்பீட்டையும் அதற்குப் பிறகு வரும் பத்தியில் ஊருக்குத் திரும்பிச் செய்யப்போவதையும் எழுதினால் போதும்.

செய்யப்போவதை எழுதும்போது அளவாக எழுதுங்கள். ‘என் நாட்டை மாற்றுவேன்’ என்பதைவிட, ‘பாலசபையில் உள்ள பிள்ளைகளுக்குக் கிராம சபை அறிக்கையைத் தமிழில் சுருக்கி வாசிக்கும் பழக்கத்தை எங்கள் வார்டில் தொடங்குவேன்’ என்பது நம்பத் தகுந்தது. உங்களால் ஆறு மாதத்தில் முடிக்கக்கூடியதை மட்டும் செய்வதாக வாக்குக் கொடுங்கள்.

மொழிநடை பற்றி ஒரு சொல். முதல் வரைவைத் தமிழிலேயே எழுதுங்கள். சொல்ல வந்தது தெளிவான பிறகு ஆங்கிலத்தில் புதிதாக எழுதுங்கள், வரிக்கு வரி மாற்றாதீர்கள். பஞ்சாயத்து, கிராம சபை, வார்டு மெம்பர் போன்ற சொற்களை அப்படியே வைத்து, முதல் முறை வரும்போது அரை வாக்கியத்தில் விளக்கினால் போதும். செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் கேட்டு எழுதி வாங்கும் கட்டுரையை நான் முற்றாக எதிர்க்கிறேன். அது நேர்மைக்குப் புறம்பானது என்பதோடு, உங்கள் பாட்டியின் கிணறு அந்தக் கருவிக்குத் தெரியாது. நேர்முகமாகப் பேச வேண்டி வந்தால் உங்கள் கட்டுரையைப் பற்றி உங்களாலேயே பதில் சொல்ல முடியாமல் போகும். எழுதி முடித்ததை ஆங்கில ஆசிரியர் ஒருவரிடம் காட்டி, எங்கே புரியவில்லை என்று மட்டும் கேளுங்கள். அவர் திருத்தி எழுதித் தருவதாகச் சொன்னால் பணிவோடு மறுத்துவிடுங்கள்.

சரிபார்க்க வேண்டிய உண்மைகளைச் சரிபாருங்கள். அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் 435 உறுப்பினர்கள், பதவிக்காலம் இரண்டு ஆண்டு. செனட்டில் மாநிலத்துக்கு இருவராக 100 பேர், பதவிக்காலம் ஆறு ஆண்டு. வாக்களிக்கும் வயதை 18ஆகக் குறைத்த 26ஆம் திருத்தம் அங்கே 1971இல் வந்தது. நம் நாட்டில் அதே மாற்றத்தைச் செய்த 61ஆம் திருத்தம் 1989இல் நடைமுறைக்கு வந்தது. மாணவர் உரிமை பற்றி எழுதுவதானால், வியட்நாம் போரை எதிர்த்துக் கறுப்புப் பட்டை அணிந்த அயோவா மாநில மாணவர்களுக்கு ஆதரவாக 1969இல் உச்ச நீதிமன்றம் அளித்த டிங்கர் வழக்குத் தீர்ப்பை வாசித்துவிட்டு எழுதுங்கள்.

படிவம்

இது எளிது, ஒன்றைத் தவிர: பெயர். நம் பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பள்ளிச் சான்றிதழில் தலைப்பெழுத்து ஒரு விதமாகவும், பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் விரிந்து வேறு விதமாகவும் இருக்கும். அமெரிக்கப் பள்ளியில் உங்களை எப்படி அழைத்தாலும், படிவத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, அதே வரிசையில், அதே எழுத்துகளில் நிரப்புங்கள். தேர்வானால் அந்தப் பெயரில்தான் விமானச் சீட்டு எடுப்பார்கள். உணவு, மருந்து, ஒவ்வாமை பற்றிய இடங்களில் கூச்சப்படாமல் முழு விவரம் தாருங்கள். சைவம் என்றால் முட்டை உண்டா இல்லையா என்பதையும், ஹலால் உணவு மட்டும் என்றால் அதையும் எழுதுங்கள். ரமலான் நோன்பு இந்த ஆண்டுகளில் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வருகிறது. பயிலரங்கு நோன்புக் காலத்தில் அமையக்கூடும் என்பதால், சஹருக்கும் இஃப்தாருக்கும் உணவு தேவை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் ஏற்பாட்டாளர்களுக்கும் எளிது. அனுப்பியதும் உறுதிச் செய்தி வந்ததா என்று பார்த்து, கட்டுரையின் ஒரு படியைத் தனியாகச் சேமித்துக்கொள்ளுங்கள்.

தேர்வாகிவிட்டால்

பாஸ்போர்ட்டையும், பரிமாற்ற மாணவர் விசாவுக்கு ஆதாரமான டிஎஸ்–2019 படிவத்தையும் கைப்பையில் வைத்து, இரண்டின் நகலையும் ஹோஸ்ட் குடும்பத்திடம் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள். முறையான உடை ஒரு தொகுதியும், நெடுநேரம் நடக்கத் தோதான காலணியும், குளிருக்கு மேலங்கியும் வேண்டும். வாஷிங்டனின் மார்ச் மாதம் நம் ஊர் மார்கழியைவிடப் பல மடங்கு குளிர்ந்தது. புறப்படும் முன், நீங்கள் தங்கியிருக்கும் தொகுதியின் பிரதிநிதி யார், மாநிலத்தின் இரு செனட்டர்கள் யார், அவர்கள் எந்தக் குழுக்களில் இருக்கிறார்கள் என்று பார்த்துவைத்து, அவர்களின் அலுவலகத்தாரைச் சந்திக்க நேர்ந்தால் கேட்க இரண்டு கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தொகுதிப் பள்ளியில் நீங்கள் கண்ட ஒன்றிலிருந்து எழும் கேள்விக்கு அங்கே மதிப்பு அதிகம். பயிலரங்கு நடக்கும் வாஷிங்டன் நகரத்து மக்களுக்கு நாடாளுமன்றத்தில் வாக்குரிமை உள்ள ஒரு உறுப்பினர்கூட இல்லை. குடியரசுத் தலைவர் தேர்தலில் பங்கேற்கும் உரிமையே 1961ஆம் ஆண்டின் 23ஆம் திருத்தத்தால்தான் கிடைத்தது. தலைநகரிலேயே இப்படி ஏன் என்று கேட்டுப் பாருங்கள், நல்ல விவாதம் பிறக்கும்.

இந்திய அரசியல் பற்றியும் உங்களிடம் கேட்பார்கள். நாட்டைக் காப்பாற்றிப் பேச வேண்டும் என்றோ, குறை சொல்லிப் பேச வேண்டும் என்றோ கட்டாயம் இல்லை. கண்டதைக் கண்டபடி சொல்லுங்கள், தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். பிற நாட்டு மாணவர்கள் தம் ஊரைப் பற்றிச் சொல்வதையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். திரும்பிய வாரத்துக்குள் உங்களைச் சந்தித்த அலுவலகத்தாருக்கும், அனுமதி தந்த ஆசிரியர்களுக்கும் நன்றிக் கடிதம் அனுப்பி, விடுபட்ட தேர்வுகளை முடித்துவிடுங்கள்.

இடம் கிடைக்காவிட்டால்

விண்ணப்பிப்பவர்களில் பலருக்கு இடம் கிடைக்காது. அது உங்கள் ஆண்டைக் குறைத்துவிடாது. நீங்கள் தங்கியிருக்கும் மாநிலத்தின் தலைநகரிலும் ஒரு சட்டமன்றம் இருக்கிறது. பார்வையாளர் மாடத்தில் அமர்ந்து பார்க்கப் பொதுமக்களுக்கு அனுமதி உண்டு. ஹோஸ்ட் பெற்றோரோ சமூக அறிவியல் ஆசிரியரோ அழைத்துச் செல்ல முடியுமா என்று கேளுங்கள். அதுவும் தூரமென்றால் நகர மன்றக் கூட்டம் இருக்கிறது, பள்ளி வாரியம் இருக்கிறது. ஒருங்கிணைப்பாளரின் ஒப்புதலோடு பள்ளி வாரியத்தின் பொதுமக்கள் நேரத்தில் நீங்களே எழுந்து, பரிமாற்ற மாணவராக அந்தப் பள்ளியில் கண்ட ஒரு தேவையை மூன்று நிமிடத்தில் சொல்லலாம். எழுதிய கட்டுரையும் வீணாகாது; சொல் வரம்பைத் தளர்த்தி, அந்த ஊரின் உள்ளூர் நாளிதழுக்கு அனுப்புங்கள், தமிழ் வடிவத்தை உங்கள் பள்ளியின் தமிழாசிரியருக்கு அனுப்புங்கள். உங்களுக்கு வந்த கட்டுரைக் கேள்வியையும், அறிவிப்பு வந்த தேதியையும், கடைசித் தேதியையும் குறித்து, அடுத்த ஆண்டு நம் பக்கத்திலிருந்து புறப்படும் மாணவரின் வீட்டில் ஜூன் மாதத்துக்குள் கொடுத்துவிடுங்கள். அவர் போய்வர ஒரு கிராம சபைக் கூட்டத்துக்காவது அப்போது நேரம் இருக்கும்.